அப்பாவைப் பார்த்துவிட்டு வந்தால் மகன் பேசுவதே இல்லை

கேள்வி: விவாகரத்தாகி ஒன்றரை வருஷம். ஏழு வயது மகன் மதுரையில் என்னோடு இருக்கிறான். ஞாயிறுதோறும் அவன் அப்பாவிடம் போய்விட்டு வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடுகிறான், சாப்பாடும் வேண்டாமாம். சந்திப்பை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள் அக்கா. என் மகளும் இப்படித்தான் இருந்தாள். வந்ததும் வராததுமாக "அப்பா என்ன சொன்னார், யார் யார் வந்தார்கள்" என்று நான் துருவியதுதான் காரணம். கேட்பதை விட்டேன். அப்புறம் ஒருநாள் தோசை ஊற்றும்போது அவளே பேச ஆரம்பித்தாள்.

பதில்: கோர்ட் உத்தரவு இருந்தால் நீங்களாக நிறுத்தக் கூடாது. 1955 இந்து திருமணச் சட்டப்படி விவாகரத்து என்றால், 26வது பிரிவில் தீர்ப்புக்குப் பிறகும் மனு போட்டு மாற்றலாம். சந்திப்பைச் சனிக்கிழமைக்கு மாற்றக் கேட்டுப் பாருங்கள், மறுநாள் பள்ளி இருக்காது.

கேட்டவர்: துருவுவது நானும்தான். இந்த வாரம் எதுவும் கேட்காமல் படியில் அவன் பக்கத்தில் உட்காருகிறேன்.