மன்னார்குடிப் பக்கம் வந்து பேச ஒருவர் வேண்டும்

வணக்கம். மன்னார்குடி அருகே எங்கள் ஊரில் மாலையில் கைப்பந்து ஆடும் பையன்கள் சிலர், உதட்டுக்குள் புகையிலையை அதக்கிக்கொண்டே ஆடுகிறார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குக் கீழுதட்டின் உட்புறம் வெளுத்துச் சுருங்கிக் கிடக்கிறது. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. கடைக்காரரிடம் நாங்கள் பேசிக்கொள்கிறோம். பையன்களைத் திட்டினால் ஒளிந்துகொள்வார்கள், அவ்வளவுதான். அப்பாக்களும் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள். அவர்களும் கேட்க வேண்டும்.

வாயைப் பார்த்துச் சொல்லக்கூடிய பல் மருத்துவரோ, பழக்கத்தை விட்டு மீண்ட ஓர் அண்ணனோ ஒரு ஞாயிறு மாலை வர முடியுமா? குறுவை நடவு முடிந்த பிறகு என்றால் எல்லோரும் ஊரில் இருப்பார்கள். பஸ் செலவும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. 1800-11-2356 என்ற இலவச எண்ணில் பேசிப் புகையிலையை விட்டவர்கள், அங்கே என்ன கேட்பார்கள் என்று எழுதுங்கள். கூச்சப்படும் பையன்களுக்குச் சொல்ல உதவும்.