4கே புளூரே: டிவிடி அலமாரி வைத்திருப்பவனுக்கு இது தேவையா?

கோவைக்காரன்:
வணக்கம். என்னிடம் முந்நூறுக்கு மேல் டிவிடி இருக்கிறது, பாதிக்கு மேல் மோசர் பேர் 34 ரூபாய்க்கு விற்ற காலத்தில் வாரம் இரண்டு மூன்று என்று வாங்கிச் சேர்த்தது. போன மாதம் 55 இஞ்ச் 4கே டிவி வாங்கி, ஆசையாக ஒரு பழைய டிவிடியைப் போட்டேன். முகங்களெல்லாம் மெழுகு பூசியது போல இருந்தன, என் மனைவி இதற்குப் பழைய டிவியே தேவலை என்றுவிட்டாள். மைத்துனர் லண்டனிலிருந்து பொங்கலுக்கு வருகிறார், 4கே புளூரே டிஸ்க் ஏதாவது வேண்டுமா என்று கேட்கிறார். முன்பு ஒருமுறை அமெரிக்காவிலிருந்து வந்த டிவிடி ரீஜன் கோடு, அதாவது எந்த நாட்டு டிஸ்க் எங்கே ஓடும் என்கிற பூட்டு, ஒத்துவராமல் இங்கே ஓடவே இல்லை, அந்தப் பயம் இன்னும் இருக்கிறது. ஓடிடியிலேயே 4கே வரும்போது டிஸ்க் எதற்கு? பழைய புளூரேயிலிருந்து இது எதில் வேறு? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரீல்பெட்டி:
முதலில் உங்கள் பயத்தைப் போக்கிவிடுகிறேன். 4கே டிஸ்குக்கு ரீஜன் கோடே கிடையாது. லண்டனில் வாங்கினாலும் டோக்கியோவில் வாங்கினாலும் இங்கே ஓடும். ஒரு சின்ன சிக்கல் மட்டும் உண்டு. பல சமயம் அதே பெட்டிக்குள் சாதாரண புளூரே டிஸ்க் ஒன்றும் வைப்பார்கள், அதற்கு ரீஜன் பூட்டு இருக்கலாம். புளூரே ரீஜன் கணக்கில் இங்கிலாந்து பி, நாம் சி. அது ஓடவில்லை என்றால் 4கே டிஸ்கே கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

வித்தியாசம் என்னவென்றால், டிவிடியில் ஒரு ஃப்ரேமுக்குச் சுமார் 4 லட்சம் புள்ளி, புளூரேயில் 20 லட்சம், இதில் 83 லட்சம். அந்த 4 லட்சத்தை இழுத்து 83 லட்சம் புள்ளிக்கு நிரப்புவதால்தான் உங்கள் டிவியில் மெழுகு முகம். ஆனால் புள்ளிக் கணக்கை மட்டும் பார்த்து இதை வாங்காதீர்கள். 55 இஞ்ச் டிவியைப் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்த்தால், நல்ல புளூரேக்கும் இதற்கும் கூர்மையில் பெரிய வித்தியாசம் தெரியாது. விஷயம் எச்டிஆரில், அதாவது ஒரே காட்சியில் பளிச்சென்ற வெளிச்சத்தையும் இருட்டின் விவரத்தையும் சேர்த்துக் காட்டும் முறையில் இருக்கிறது. இருட்டறையில் ஒருவன் தீக்குச்சி உரசுகிற காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். டிவிடியில் தீ ஒரு வெள்ளைத் திட்டு, அவ்வளவுதான். நல்ல 4கே டிஸ்கில் சுடரின் அடியில் நீலம், மேலே மஞ்சள், அதே சமயம் பக்கத்தில் நிற்பவனின் கறுப்புக் கோட்டில் இருக்கும் மடிப்பு, எல்லாம் ஒரே நேரத்தில் தெரியும். புளூரேயில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படி, இதில் 1024 படி. அந்தி வானம் பட்டை பட்டையாகப் பிரிந்து தெரிவதும் இதனால் குறைகிறது.

ஓடிடி பற்றிக் கேட்டீர்கள். நெட்ஃப்ளிக்ஸ் 4கேக்கு 15 எம்பிபிஎஸ் இணைப்பு போதும் என்கிறது. டிஸ்க் 50, 66, 100 ஜிபி கொள்ளளவுகளில் வருகிறது, உச்சத்தில் 100 எம்பிபிஎஸுக்கு மேலும் படிக்க முடியும். ஃபிலிமில் எடுத்த படத்தில் சுவரைப் பாருங்கள், மணல் மணலாக நகர்ந்துகொண்டே இருக்கும். ஓடிடி முதலில் கைவைப்பது அந்த மணலில்தான், வழித்துவிட்டுச் சுவருக்கு பெயிண்ட் அடித்துவிடும். ஒலியும் அப்படியே. தலைக்கு மேலிருந்தும் ஒலி வரவைக்கும் டால்பி அட்மாஸ் இரண்டிலும் உண்டு, ஓடிடியில் சுருக்கிய வடிவம், டிஸ்கில் எதையும் இழக்காத வடிவம்.

எந்தப் படம் வாங்குவது? 35 எம்எம் நெகட்டிவை 4கேயில் புதிதாக ஸ்கேன் செய்த பழைய படங்களை வாங்கச் சொல்லுங்கள். 2000க்குப் பிறகு கணினியில் வண்ணம் திருத்தி 2கேயிலேயே, அதாவது கிட்டத்தட்ட புளூரே அளவுப் புள்ளியிலேயே முடித்த பெரிய படங்கள் ஏராளம், அவற்றைப் பெரிதாக்கித்தான் இந்த டிஸ்கில் போடுகிறார்கள். அட்டையில் அதைச் சொல்ல மாட்டார்கள்.

நடைமுறைவாதி:
இப்படி உசுப்பேற்றியே எல்லார் பணத்தையும் காலி பண்ணுங்கள். இந்த டிஸ்க் வந்தது 2016ல். ஒப்போ 2018லேயே பிளேயர் தொழிலை விட்டுவிட்டது, சாம்சங் 2019ல் அமெரிக்காவில் புது மாடல் இனி இல்லை என்றது. தமிழ்ப் படம் இந்த டிஸ்கில் நான் ஒரு கடையிலும் பார்த்ததில்லை. பிளேயர் காசில் இன்னும் நல்ல டிவி வாங்கலாம். என் ஓட்டு அதற்கே.

ரீல்பெட்டி:
நல்ல டிவி என்பதில் நீங்கள் சொல்வது சரிதான், அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பெட்டியில் எச்டிஆர் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் மட்டும் போதாது. இந்த டிஸ்குகளை 1000 நிட்ஸ், சிலவற்றை 4000 நிட்ஸ் வெளிச்சத்துக்குக் கணக்குப் போட்டுத் தயாரிக்கிறார்கள். 300 நிட்ஸ்கூடத் தாண்டாத டிவியில் போட்டால் புளூரேயை விட மங்கலாகத் தெரியும், அப்புறம் டிஸ்கைத் திட்டுவோம். மற்றபடி ஓடிடியில் போன மாதம் இருந்த படம் இந்த மாதம் இல்லை. என் அலமாரியிலிருந்து யார் எடுத்துக்கொண்டு போவார்கள்?

பனிநாட்டான்:
நான் இருப்பது டொரோண்டோவில், இங்கே வருசக்கணக்காக இந்த டிஸ்குகளோடு மல்லுக்கட்டுகிறேன். ரீல்பெட்டி அண்ணை சொல்லாமல் விட்ட இரண்டு சொல்கிறேன். என்னிடம் ஸ்பீக்கர்களுக்கு ஒலி கொடுக்கிற பழைய ரிசீவர் ஒன்று இருந்தது, சத்தத்துக்குக் குறையே இல்லை. பிளேயரை அதில் கொழுவி, அதிலிருந்து டிவிக்குக் கொடுத்தேன். 4கே வரவே இல்லை, வெறும் 1080. இரண்டு கேபிள் மாற்றினேன், டிவியைக்கூடச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் ரிசீவரில் எச்டிசிபி 2.2 என்கிற நகல் தடுப்புப் பூட்டு வசதி இல்லை. அது இல்லாத பெட்டி ஒன்று நடுவில் இருந்தாலே 4கே தாண்டாது. இதற்காகவே பானசோனிக் யுபி820 போன்ற பிளேயர்களில் இரண்டு எச்டிஎம்ஐ வாய் வைத்திருக்கிறார்கள், ஒன்றை நேரே டிவிக்கும் மற்றதை ஒலிக்கு மட்டும் ரிசீவருக்கும் கொடுக்கலாம்.

மற்றது, 100 ஜிபி டிஸ்கில் மூன்று அடுக்கு. விரல் அடையாளம் பட்டால் டிவிடி பொறுத்துக்கொள்ளும், இது பொறுக்காது. ஒருநாள் விருந்தாளிகளை இருத்திவைத்துப் படம் போட்டேன், நல்ல கட்டத்தில் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. எடுத்துப் பார்த்தால் விளிம்பருகே என் மகனின் பெருவிரல், அதில் பலகார எண்ணெய். கண்ணாடி துடைக்கிற துணியால் நடுவிலிருந்து வெளியே நேராகத் துடைத்தேன், ஓடிவிட்டது. வட்டமாகத் துடைக்காதீர்கள்.

கோவைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. ஒரு நல்ல செய்தி, அக்கா மகனிடம் டிஸ்க் போடும் பிஎஸ்5 கேம் பெட்டி இருக்கிறதாம். அதில் ஓடுமா? ஓடினால் பிளேயர் வாங்குவதற்கு முன் ஒரு டிஸ்கை அதில் போட்டுப் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். டிவியின் நிட்ஸ் எவ்வளவு என்று பெட்டியில் தேடினேன், எங்கேயும் போடவில்லை. கடைக்காரரிடம் கேட்டால் "சார், சூப்பர் பிரைட்னஸ்" என்கிறார்.

ரீல்பெட்டி:
பிஎஸ்5 ஓட்டும், ஆனால் அதில் காட்சிக்குக் காட்சி வெளிச்சத்தைச் சரிசெய்யும் எச்டிஆர் வகையான டால்பி விஷன் வராது, அடிப்படை வகையான எச்டிஆர்10 தான். சோதித்துப் பார்க்க அது தாராளம். பிஎஸ்4 ப்ரோவாக இருந்தால் ஓடவே ஓடாது, பையனிடம் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். டிவியில் அந்த எச்டிஎம்ஐ வாய்க்கு 'என்ஹான்ஸ்டு' என்பது போல ஒரு அமைப்பு இருக்கும், பல டிவிகளில் அதை அணைத்தே அனுப்புகிறார்கள். அதை ஆன் செய்யுங்கள். மைத்துனரிடம் ஒரே ஒரு டிஸ்க் கேளுங்கள், இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் போடுங்கள். மனைவியையும் கூப்பிடுங்கள், மெழுகு முகத்தைக் கண்டுபிடித்தது அவர்தானே.