ஹோம் ரன் மட்டும் அடிக்கும் ஆளுக்கு ஏலத்தில் எத்தனை டாலர்?

முத்துவேல் எழுதியது:

எங்கள் ஃபேன்டஸி பேஸ்பால் லீகில் (அமெரிக்க மேஜர் லீகின் நிஜ ஆட்டக்காரர்களைக் கற்பனை அணிக்கு வாங்கி, அவர்கள் சீசனில் எடுக்கும் எண்களை வைத்துப் போட்டியிடுவது) வரும் சனிக்கிழமை ஏலம். 12 அணி, ஆளுக்கு 260 டாலர், 14 பேட்டர், 9 பிட்சர். வழக்கமான ரோட்டோதான். பேட்டிங்கில் ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது), ரன், ஆர்பிஐ (தன் அடியால் வரவைத்த ரன்), ஸ்டீல் (பிட்சர் எறியும்போது ஓடி அடுத்த பேஸைத் திருடுவது), சராசரி (மட்டை பிடித்த அட்-பேட்டுகளில் எத்தனை ஹிட் என்ற விகிதம்) என்று ஐந்து பிரிவு. ஒவ்வொன்றிலும் முதலிடத்துக்கு 12 புள்ளி, கடைசி இடத்துக்கு 1. சீசன் முழுவதையும் கூட்டித்தான் கணக்கு, வாராவாரம் மோதல் கிடையாது.

நான் குறைந்த சராசரிக்காரர்களைத் தொடவே மாட்டேன். அதனாலேயே ஹோம் ரன்னிலும் ஆர்பிஐயிலும் ஒவ்வொரு வருடமும் கடைசி வரிசையில் கிடக்கிறேன். 2025இல் கைல் ஷ்வார்பர் 56 ஹோம் ரன், 132 ஆர்பிஐ. யூஹேனியோ சுவாரெஸ் 49 ஹோம் ரன், ஆனால் சராசரி .228. இந்த ரக ஆட்களுக்கு எதுவரை ஏலம் கேட்கலாம்?

கணக்குப்புலி எழுதியது:

முதலில் சராசரி எவ்வளவு அடி வாங்கும் என்று பாருங்கள். ஷ்வார்பரின் 2025ஐ விடுங்கள், அது அவருடைய உச்சம். 2023ஐ எடுத்துக்கொள்வோம்: 585 அட்-பேட், 115 ஹிட், சராசரி .197. உங்கள் மற்ற 13 பேட்டர்களும் சேர்ந்து 6,500 அட்-பேட்டில் .260 அடித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,690 ஹிட். அதோடு இவரைச் சேர்த்தால் அணியின் சராசரி .255க்கு இறங்கும். ஒரே ஆள், சராசரியில் 5 புள்ளி (.005).

நடு வரிசையில் அணிகள் எப்போதும் நெருக்கியடித்துக்கொண்டுதான் நிற்கும். அந்த 5 புள்ளியில் இரண்டு மூன்று இடம் போய்விடும். அவரும் .260 அடித்திருந்தால் இன்னும் 37 ஹிட் வந்திருக்கும். அந்த 37ஐ நீங்கள் வேறு யாரிடமாவது காசு கொடுத்துத்தான் வாங்கியாக வேண்டும். ஏலத்தில் யாரும் அந்தச் செலவை ஷ்வார்பர் பெயரில் எழுதுவதில்லை.

என் கணக்கில் இந்த ரகத்துக்கு 15 டாலருக்கு மேல் போவது வீண்.

இடிமுழக்கம் எழுதியது:

37 ஹிட் என்றால் 26 வாரத்தில் வாரத்துக்கு ஒன்றரை. இதற்கா இவ்வளவு புலம்பல்?

இவர்களை 'ஹோம் ரன் மட்டும் அடிக்கும் ஆள்' என்று சொல்வதே எனக்குப் பிடிக்காது. ஒரு ஹோம் ரன் அடித்தால் அதே நொடியில் ஒரு ரன், குறைந்தது ஒரு ஆர்பிஐ, ஒரு ஹிட் எல்லாம் ஏறுகிறது. ஐந்தில் நான்கு பிரிவு. அதே 2023இல் ஷ்வார்பர் பெரும்பாலும் முதல் ஆளாக இறங்கினார். 47 ஹோம் ரன், 108 ரன், 104 ஆர்பிஐ. மூன்று பிரிவில் தூக்கி நிறுத்துபவனை ஒரு பிரிவுக்காகத் திட்டுகிறீர்கள்.

கணக்குப்புலி விட்ட இன்னொன்று: அவர் அந்த வருடம் 720 முறை மட்டையோடு நின்றார், அதில் 126 வாக் (நான்கு தவறான பந்து வந்ததால் அடிக்காமலேயே முதல் பேஸுக்குப் போவது). வாக் அட்-பேட்டில் சேராது. அதனால்தான் 720 என்பது சராசரிக் கணக்கில் 585 ஆகச் சுருங்குகிறது. வாக் வாங்காமல் 650 அட்-பேட்டில் .203 அடிப்பவன் அணிக்குச் செய்யும் சேதமும் ஏறக்குறைய இதேதான். ஆனால் அவனை யாரும் இப்படி ஏசுவதில்லை.

சராசரியை ஈடுகட்டுவதும் கஷ்டமில்லை. 2023இல் லூயிஸ் அராயெஸ் 574 அட்-பேட்டில் 203 ஹிட், .354. ஹோம் ரன் 10, ரன் 71, ஆர்பிஐ 69. இவரையும் ஷ்வார்பரையும் சேர்த்து இரண்டால் வகுத்துப் பாருங்கள்: .274 சராசரி, 28 ஹோம் ரன், 89 ரன், 86 ஆர்பிஐ அடிக்கும் ஆள் இரண்டு பேர். அப்படி ஒருவர் ஏலத்துக்கு வந்தால் 15 டாலரில் நிறுத்துவீர்களா?

கணக்குப்புலி எழுதியது:

சீசன் முடிந்த பிறகு .354ஐ எடுத்து ஈடுகட்டுவது யாருக்கும் வரும். ஏலத்தன்று அந்த எண் யார் கையிலும் இருக்கவில்லை. அதே அராயெஸ் 2025இல் .292.

அப்புறம் அந்த இரட்டையரின் ஸ்டீல் எண்ணிக்கையை ஏன் சொல்லவில்லை? நானே சொல்கிறேன். அராயெஸ் 3, ஷ்வார்பர் 0. இரண்டு இடத்தை அடைத்துக்கொண்டு மொத்தம் மூன்று. 2023இல்தான் பேஸை 15 அங்குலத்திலிருந்து 18 ஆக்கி, பிட்சர் ரன்னரை மிரட்டிப் பேஸுக்குப் பந்து எறிவதற்கும் கட்டுப்பாடு வைத்தார்கள். லீக் முழுவதும் ஸ்டீல் 2,486இலிருந்து 3,503 ஆனது. எல்லார் அணியும் ஓடும்போது உங்கள் அணி மட்டும் நின்று வேடிக்கை பார்க்கும். அந்த வருடம் ரொனால்ட் அகூன்யா 41 ஹோம் ரன்னும் 73 ஸ்டீலும் எடுத்தார். பெரிய காசு கொடுப்பதென்றால் அப்படிப்பட்டவனுக்குக் கொடுங்கள்.

செவ்வந்தி எழுதியது:

அகூன்யாவை 20 டாலருக்கு விற்கிற ஏலம் எங்கே நடக்கிறது? சொன்னால் நானும் வருகிறேன்.

இடிமுழக்கம் எழுதியது:

அதானே. கிரிக்கெட்டில் கடைசி நான்கு ஓவருக்கு ஒருவனை வைத்துக்கொள்வதில்லையா? அவனிடம் போய் டெஸ்ட் சராசரி எவ்வளவு என்று யார் கேட்கிறார்கள்?

கணக்குப்புலி எழுதியது:

கிரிக்கெட்டை இழுக்காதீர்கள். அவன் அவுட்டானால் அன்றைய ஆட்டத்தோடு போயிற்று. இங்கே ஏப்ரலில் வாங்கிய 0க்கு 4 செப்டம்பர் வரை கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

பழைய ஸ்கோர்கார்ட் எழுதியது:

இருவருமே விலை நிலையானது போலப் பேசுகிறீர்கள். 2014இல் மேஜர் லீக் முழுவதும் அடித்த ஹோம் ரன் 4,186. அந்த வருடம் கிறிஸ் கார்ட்டர் .227 சராசரியோடு 37 அடித்தார், வைத்திருந்தவர்களுக்குப் புதையல். 2019இல் மொத்தம் 6,776. தெருவில் போகிறவனெல்லாம் 25 அடித்தான். அப்போது 37க்காகச் சராசரியைப் பலி கொடுத்தவர்கள் ஏமாந்தார்கள். 2024இல் 5,453. இரண்டுக்கும் நடுவே இருக்கிறோம். எனவே 2019 காலத்து விலைப் பட்டியலை வைத்துக்கொண்டு யாரும் ஏலத்துக்குப் போகவேண்டாம்.

ஆனால் எனக்கு உண்மையில் பயம் வேறொன்றில். இந்த ரகம் சரியும்போது படிப்படியாகச் சரிவதில்லை. அந்தக் கார்ட்டரையே பாருங்கள். 2016இல் 41 ஹோம் ரன், நேஷனல் லீகில் நோலன் அரெனாடோவோடு சேர்ந்து முதலிடம். சீசன் முடிந்ததும் மில்வாக்கி அவருக்கு ஒப்பந்தமே நீட்டவில்லை. யாங்கீஸ் 35 லட்சம் டாலருக்கு எடுத்து, 2017 பாதியில் கழற்றிவிட்டது. அதன்பின் மேஜர் லீகில் ஆடவே இல்லை. பால்டிமோரின் கிறிஸ் டேவிஸ் 2013இல் 53, 2015இல் 47. ஏழு வருடத்துக்கு 16.1 கோடி டாலர் ஒப்பந்தம். 2018இல் சராசரி .168. 2018 செப்டம்பரிலிருந்து 2019 ஏப்ரல் வரை தொடர்ந்து 54 அட்-பேட் ஹிட்டே இல்லாமல் போன கதை எல்லாருக்கும் தெரியும்.

இடிமுழக்கம் எழுதியது:

அண்ணே, பொறுக்கி எடுத்த உதாரணங்கள். ஆடம் டன் 2005இலிருந்து 2008 வரை நான்கு வருடமும் சரியாக 40 ஹோம் ரன். ஒன்று கூடவில்லை, குறையவில்லை. ஓக்லண்டின் டேவிஸ் (பால்டிமோர்க்காரர் அல்ல, இவர் வேறு) 2015இலிருந்து 2018 வரை நான்கு வருடமும் .247, கடைசி மூன்றில் 42, 43, 48 ஹோம் ரன். இவ்வளவு நம்பகமான ஆள் வேறு எந்த ரகத்தில் கிடைப்பான்?

பழைய ஸ்கோர்கார்ட் எழுதியது:

தம்பி, அதற்குப் பிறகு வந்ததையும் சொல்லுங்கள். ஓக்லண்ட் டேவிஸ் 2019இல் .220, 23 ஹோம் ரன். டன் 2011இல் .159, 11 ஹோம் ரன். 2012இல் டன் மறுபடி 41 அடித்தார் என்பதும் உண்மைதான். முந்தைய வருடம் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் ஒதுங்கி நிற்க, அடிமாட்டு விலைக்கு எடுத்தவன் சிரித்தான்.

எல்லா ரகத்துக்கும் சரிவு வரும் என்பீர்கள். ஆனால் .290 அடிப்பவன் 40 புள்ளி இழந்தால் .250. மேலாளர் அவனைத் தொடர்ந்து இறக்குவார். .210 அடிப்பவன் 40 இழந்தால் .170, பெஞ்சில் உட்காருவான். பெஞ்சில் இருப்பவன் ஹோம் ரன்னும் அடிக்க மாட்டான். நீங்கள் காசு கொடுத்த மூன்று பிரிவும் ஒரே நாளில் போய்விடும். ஜோயி காலோ 2021இல் .199இலும் 38 ஹோம் ரன், 90 ரன் கொடுத்தார். 2022இல் .160, 19 ஹோம் ரன்.

இந்த ஆபத்துக்கு என் கழிவு ஐந்து டாலர். அதாவது கணக்குப்படி 25 மதிப்பு வந்தால் 20இல் நிறுத்துவேன்.

வாக்_போதும் எழுதியது:

இந்தச் சண்டை முழுவதும் சராசரி என்ற பிரிவால் வருவது. 1980இல் டேனியல் ஓக்ரெண்டும் நண்பர்களும் இந்த ஆட்டத்தைத் தொடங்கியபோது வைத்த நான்கு பேட்டிங் பிரிவில் அதுவும் ஒன்று. இன்னுமா அதைக் கட்டிக்கொண்டு அழுவது? சராசரியை எடுத்துவிட்டு ஓபிபி போடுங்கள், அதாவது வாக்கையும் சேர்த்து எத்தனை முறை பேஸுக்குப் போனான் என்ற கணக்கு. காலோவின் .199 அங்கே .351. ஷ்வார்பரின் .197 அங்கே .343. சுமை என்று நீங்கள் சொல்பவன் அங்கே சொத்து.

முத்துவேல் எழுதியது:

எங்கள் கமிஷனரிடம் சொல்லிப் பார்த்தாயிற்று. அவருக்குப் பிட்சர்களின் வெற்றிக் கணக்கை எடுக்கவே மனமில்லை. சராசரி இருக்கும், சனிக்கிழமையும் வரும். அதற்குள் வழி சொல்லுங்கள்.

ஒரு சந்தேகம். ஃபீல்டர்களை ஒரே பக்கம் குவித்து நிறுத்தும் ஷிஃப்டை 2023இல் தடை செய்த பிறகு இடதுகை பேட்டர்களின் சராசரி கூடும் என்றார்களே, அது ஷ்வார்பருக்கு உதவவில்லையா?

கணக்குப்புலி எழுதியது:

அதை நம்பி 2023 ஏலத்தில் பலர் காசைக் கொட்டினார்கள். கோரி சீகர் .245இலிருந்து .327க்குப் போனார். ஷ்வார்பர் .218இலிருந்து .197க்கு இறங்கினார். காலோ .160இலிருந்து .177. மட்டையில் பட்டு உள்ளே விழும் பந்துக்குத்தான் ஃபீல்டர் எங்கே நிற்கிறான் என்பது முக்கியம். 215 முறை ஸ்ட்ரைக் அவுட் ஆகிறவனுக்கு ஃபீல்டரை எங்கே நிறுத்தினால் என்ன?

செவ்வந்தி எழுதியது:

யாரும் ஃபீல்டிங் இடத்தைப் பற்றிப் பேசவில்லை. ரோட்டோவில் ஒருவனின் மதிப்பு அவன் அடைக்கும் இடத்தில் வேறு யாரை வைத்திருக்க முடியும் என்பதைப் பொறுத்தது. கால் ராலியை எடுத்துக்கொள்ளுங்கள். 2024இல் .220, 34 ஹோம் ரன், 100 ஆர்பிஐ. சராசரி மோசம்தான், ஆனால் அவர் கேட்சர். 12 அணி, அணிக்கு இரண்டு கேட்சர் என்றால் 24 பேர் வேண்டும். பட்டியலின் கடைசியில் இருப்பவர்கள் சராசரியும் இல்லாமல் ஹோம் ரன்னும் இல்லாமல் இருப்பார்கள். அங்கே .220ஐச் சகித்துக்கொள்ள நீங்கள் இழப்பது மிகக் குறைவு. 2025இல் அவரே 60 அடித்து, கேட்சர்களில் சால்வடார் பெரஸ் வைத்திருந்த 48ஐத் தாண்டிவிட்டார். இனி மலிவாகக் கிடைக்க மாட்டார், அது வேறு விஷயம்.

ஷ்வார்பர் இதற்கு நேர் எதிர். 2025இல் பெரும்பாலும் டிஎச் (ஃபீல்டிங் இல்லாமல் பேட்டிங் மட்டும் செய்பவர்) ஆகத்தான் ஆடினார். பல லீகில் அவருக்கு யுட்டிலிட்டி இடம் மட்டும்தான். உங்கள் 14இல் அந்த இடம் ஒன்றே ஒன்று. அதில் எந்த பேட்டரையும் வைக்கலாம் என்பதால் மாற்று ஆள் தாராளமாகக் கிடைப்பான்.

ஆனால் இதில் உங்களுக்கு லாபமும் இருக்கிறது. ஷோஹேய் ஓட்டானியைப் பேட்டராக வாங்குகிறவருக்கும் அதே இடம்தான். ஓட்டானி விற்றுப்போன அடுத்த நிமிடம் அந்த அணி ஷ்வார்பரைக் கேட்க முடியாது. ஏலம் நகர நகர, அவுட்ஃபீல்டர் மிஞ்சிப்போய் யுட்டிலிட்டியில் தள்ளியவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். நடுப்பகுதி வரை யாரும் அவர் பெயரை எடுக்காமல் இருந்தால், கேட்கக்கூடியவர்கள் ஐந்தாறு பேர்தான் மிஞ்சுவார்கள். நீங்கள் மட்டும் அந்த இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். முதல் ரவுண்டிலேயே ஓட்டானி பெயரை நீங்களே ஏலத்தில் எடுத்துவிடுங்கள், வேறு யாராவது வாங்கட்டும்.

இடிமுழக்கம் எழுதியது:

இது நல்ல யோசனை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். இந்த ரகத்தில் ஒருவனை வாங்கினால் சேதம் 5 புள்ளி. மூன்று பேரை வாங்கி நடுவில் நிற்கப் பார்த்தால்தான் நாசம், சராசரியும் போகும், அராயெஸ் போன்றவனுக்குக் கொடுத்த காசும் வீண். ஒருவனோடு நிறுத்துங்கள், அல்லது சராசரியை முழுதாகக் கைகழுவிவிட்டு நான்கு பேரை வாங்குங்கள்.

பழைய ஸ்கோர்கார்ட் எழுதியது:

முழுதாகக் கைகழுவுவது வாராவாரம் மோதும் லீகுக்குச் சரி. அங்கே ஒரு பிரிவைத் தோற்றாலும் மற்றவற்றை வென்று வாரத்தை எடுத்துவிடலாம். ரோட்டோவில் 12 புள்ளிக்குப் பதில் 1 வாங்கிக்கொண்டு கோப்பையை நினைக்கவேண்டாம். ஒருவன், அதுவும் சுவாரெஸ் விலையில். ஷ்வார்பருக்கு எல்லாரும் 56ஐ நினைத்துத்தான் கை தூக்குவார்கள்.

செவ்வந்தி எழுதியது:

முத்துவேல், ஒன்று கேட்கலாமா? கணக்குப்புலி உங்கள் லீகில்தானே ஆடுகிறார்? போன வருடம் ஷ்வார்பரை வைத்திருந்தது அவர்தான் என்று ஞாபகம்.

கணக்குப்புலி எழுதியது:

15 டாலருக்கு மேல் வீண் என்றுதான் சொன்னேன். 15க்குக் கிடைத்தால் வேண்டாம் என்றா சொன்னேன்?

முத்துவேல் எழுதியது:

அட, அப்படியா சேதி. சரி, முதல் பெயர் ஓட்டானி, நானே எடுக்கிறேன். ஷ்வார்பர் 22 வரை என் கை இறங்காது.

வாக்_போதும் எழுதியது:

உச்சவரம்பை இங்கேயே எழுதிவிட்டீர்களே சார். சனிக்கிழமை அவர் உங்களை 21க்கு ஏற்றிவிட்டு நகர்ந்துகொள்வார்.