அந்தப் படிவத்தில் என் கையெழுத்து மட்டும்

இராணிப்பேட்டை சகோதரி:

1997 ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரத்தின் சனிக்கிழமை காலை, இராணிப்பேட்டையிலிருந்து வேலூருக்குப் பேருந்தில் நாங்கள் மூன்று பேர் வந்தோம்: என் கணவர், பத்து மாதமே ஆகியிருந்த என் மூத்த மகள், நான். வயிற்றில் பத்து வாரக் கரு இருந்தது. அதையும் சேர்த்து நான்கு பேர் என்று வாய்விட்டுச் சொல்ல எனக்குப் பதினெட்டு ஆண்டுகள் தேவைப்பட்டன.

அவர் அப்போது ஒரு டேனரியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். பாலாற்றைக் கெடுத்த தோல் ஆலைகளைப் பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும், கழிவுநீரைச் சுத்திகரிக்க வசதி செய்யாத ஆலைகள் அதன் பின் மூடப்பட்டதையும் இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தீர்ப்பை நான் குறை சொல்லவில்லை. எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாமல் இருந்த காலம் அது. ஆனால் அவர் வேலை செய்த இடம் தீபாவளிக்கு முன்பே பூட்டப்பட்டது. மூன்று மாதச் சம்பளம் பாக்கி. வெள்ளிக்கிழமைதோறும் வந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவரும் தவறாமல் போய்க் கதவருகே நின்றுவிட்டு வருவார்.

பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் நாள் தள்ளிப்போனது எனக்குத் தெரியவில்லை. மசக்கை வந்த பிறகுதான் தெரிந்தது. ஸ்கேன் எடுத்த இடத்தில் ஆகஸ்ட் 15ஐ ஒட்டிப் பிறக்கும் என்று நாள் குறித்தார்கள். என் மாமியார் கொடுமைக்காரர் அல்லர்; அதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இப்படிப்பட்ட கதைகளில் மாமியாரைக் கெட்டவளாக்கிவிட்டு மற்றவர்கள் தப்பித்துக்கொள்வது வழக்கமாக இருக்கிறது. அவர் என் தலையைத் தடவிக்கொண்டே, "கைக்குழந்தை இருக்குது, அவனுக்கு வேலை இல்ல. இன்னும் அது பிண்டந்தானே, உயிரா வந்துடுச்சு? அடுத்தது பாத்துக்கலாம்மா" என்றார். என் சொந்த அம்மாவும் அதையே வேறு சொற்களில் சொன்னார். என் கணவர் ஒன்றுமே சொல்லவில்லை.

நாங்கள் போனது ஒரு சிறிய தனியார் மருத்துவமனை. செவிலியர் ஒரு படிவத்தை நீட்டியபோது பழக்கத்தில் என் கணவர் பேனாவை எடுத்தார். "நீங்க போடக் கூடாது சார், அம்மாதான் போடணும்" என்று அவர் தடுத்தார். அது உண்மைதான். 1971இல் இயற்றப்பட்ட கருக்கலைப்புச் சட்டம், வயதுவந்த பெண்ணின் சம்மதத்தை மட்டுமே கேட்கிறது. கணவனின் கையெழுத்து தேவையில்லை. காரணம் எழுத வேண்டிய இடத்தில், நான் பார்க்கும் முன்பே, 'கருத்தடை முறை பலனளிக்கவில்லை' என்று நீல மையில் எழுதப்பட்டிருந்தது. மணமான பெண்ணுக்கு அந்தச் சட்டம் ஏற்றுக்கொண்ட காரணங்களுள் அதுவும் ஒன்று என்பது பின்னால்தான் தெரிந்தது. எங்கள் வீட்டில் அதுவரை எந்தக் கருத்தடை முறையையும் யாரும் கையாண்டதில்லை. ஆகவே நான் கையெழுத்திட்டது ஒரு பொய்யின் கீழே. முடிவெடுத்தவர்கள் நான்கைந்து பேர் இருந்தும், காகிதத்தில் இருந்த பெயர் என்னுடையது மட்டுமே. இதை நியாயம் தேடிச் சொல்லவில்லை. என் விரல்களை யாரும் பிடித்து எழுதவைக்கவில்லை.

மயக்கம் தெளிந்தபோது முதலில் காதில் விழுந்தது வெளியே என் மகளின் பசி அழுகை. அவர் பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்து ஊட்டிப் பார்த்திருக்கிறார், அவள் வாங்கவில்லை. எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். எப்போதும்போல் குடித்துவிட்டுத் தூங்கிப்போனாள். மறுநாள் ஞாயிறு, திருவிருந்து ஆராதனை. எல்லாரோடும் சேர்ந்து பாவ அறிக்கையைச் சொல்லிவிட்டு, முழங்கால்படியிட்டு, கையை நீட்டி அப்பத்தை வாங்கினேன்.

மே மாதம் அவருக்கு ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. குழந்தை பிறந்திருக்க வேண்டிய நாளுக்கு மூன்று மாதம் முன்பே எங்கள் காரணம் தீர்ந்துபோயிருந்தது. அந்த ஆகஸ்ட் 15 சுதந்திரத்தின் பொன்விழா. தெருவெல்லாம் கொடி, பிள்ளைகளுக்கு மிட்டாய். நான் மொட்டை மாடியில் என் மகளுக்குச் சிறிதாகிப்போன ஜப்லாக்களைத் துவைத்து உலர்த்தி, மடித்து, ஒரு தலையணை உறையில் போட்டுக் கட்டினேன். அந்த மூட்டையை இன்றுவரை யாருக்கும் கொடுக்கவில்லை.

'பிண்டம்' என்ற சொல்லோடு நான் பல ஆண்டுகள் வாழ்ந்தேன். அதிலிருந்து என்னை வெளியே இழுத்தது ஒரு பிரசங்கம் அன்று. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு ஒன்றில் வேதபாடம் வாசிக்கும் முறை எனக்கு வந்தது, அவ்வளவுதான். லூக்கா முதலாம் அதிகாரம். எலிசபெத்தின் வயிற்றில் பிள்ளை துள்ளியதை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். அது ஆறு மாதக் கரு. ஆனால் மரியாள் அப்போதுதான் கருவுற்றிருந்தாள். தூதன் சொன்ன சில நாட்களிலேயே மலைநாட்டுக்குத் தீவிரமாய்ப் போனாள் என்றுதானே எழுதியிருக்கிறது? வெளியே தெரியாத, என் பத்து வாரத்தைவிட மிகச் சிறிதான அந்தக் கருவைச் சுமந்தவளைத்தான் எலிசபெத் 'என் ஆண்டவருடைய தாயார்' என்கிறாள். தாயாகப் போகிறவள் என்று சொல்லவில்லை. அந்த வரியில் என் குரல் நின்றுவிட்டது. தொண்டை கட்டியிருக்கிறது என்று எண்ணி யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

நம் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டங்களில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதையைக் கேட்காத ஆண்டு இல்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவ உதவி கேட்டு வந்ததும், ஆண் மருத்துவரை அனுமதிக்க மாட்டோம் என்று அவர்கள் திரும்பிப் போனதும், விடிவதற்குள் மூன்று இளம் தாய்மாரும் இறந்ததும், அதனாலேயே அவர் மருத்துவம் படித்து 1900இல் வேலூருக்கு வந்து ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியதும் எங்களுக்கு மனப்பாடம். வாசலில் வந்து நின்றவர்களுக்காக வாழ்க்கையையே மாற்றிக்கொண்டவரின் ஊர் இது. ஆயினும் கருக்கலைப்பு என்ற சொல்லை அந்தக் கூட்டங்களில் ஒரு முறைகூட நான் கேட்டதில்லை. 'பாவம்' என்று பொதுவாகச் சொல்லிக் கடந்துபோவார்கள். சில துண்டுப் பிரசுரங்களில், கருவைக் கலைத்தால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று அச்சடித்திருப்பார்கள். அப்படித் தொடர்பு இல்லை என்று மருத்துவம் தெளிவாகவே சொல்கிறது. உயிரைக் கொல்வது தவறு என்று சொல்ல நமக்குப் பொய் எதற்கு?

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. 2015இல், ஞாயிறு பள்ளியில் என்னிடம் படித்து வளர்ந்த ஒரு பெண், கல்லூரி இரண்டாம் ஆண்டு, மாலையில் வீட்டுக்கு வந்தாள். ஏழு வாரம். பையன் போனை எடுப்பதில்லை. நான் அவளுக்கு என் கதை முழுவதையும் சொன்னேன். வாழ்க்கையில் முதன்முறையாக, என் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லாததை. கலைக்காதே என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ பிரசவம் ஆகிற வரைக்கும் நான் இங்கே இருக்கட்டுமா ஆன்ட்டி?" என்றாள். மகளின் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. தெரு, சங்கம், சம்பந்தி வீடு எல்லாம் ஒரே நேரத்தில் என் கண்முன் வந்தன. நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. "அங்கிளைக் கேட்டுச் சொல்றேன்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். டீயை முழுவதும் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். பிறகு வரவில்லை. என்ன நடந்தது என்று நான்கு மாதம் கழித்துக் கேள்விப்பட்டேன்.

1997இல் நடந்ததைவிட இதுவே எனக்கு அதிகக் கனமாக இருக்கிறது. அன்று எனக்குத் தெரியாது என்று ஒரு சாக்காவது இருந்தது.

குடியாத்தம் சகோதரர்:

சகோதரியின் கையெழுத்தைப் பற்றி வாசித்ததும் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. கணவனின் ஒப்பம் தேவையில்லை என்று மருத்துவமனையில் சொன்னபோது நான் நிம்மதியடைந்தவன். அந்த நிம்மதியை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. 2004ஆம் ஆண்டு, எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள் இருந்தார்கள். மூன்றாவது வேண்டும் என்று என் மனைவி சொன்னாள், வேண்டாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். டிவிஎஸ் 50இல் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டு, தறிக்கு நூல் எடுக்கப் போய்விட்டேன். மூன்று மணி நேரம் கழித்து வந்தபோது அவள் வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

ஐந்து ஆண்டுகள் கழித்து ஆயரிடம் போய் அழுதேன். அவர் ஜெபித்தார். ஜெபித்து முடித்ததும், "என்னிடம் சொன்னது போதாது ஐயா, வீட்டில் சொன்னீர்களா?" என்று கேட்டார். அன்று இரவு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சோறு ஆறுது, சாப்பிடுங்க" என்றாள். மன்னித்தாளா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது; திரும்பக் கேட்கவும் துணிவில்லை. இது பெண்களின் விஷயம் என்று ஒதுங்கி நிற்கும் ஆண்களே நம் சபைகளில் அதிகம். என் பெயர் எந்தப் படிவத்திலும் இல்லாமல் இருக்கலாம், ஆனால் 'என் கருவை உம்முடைய கண்கள் கண்டது' என்று 139ஆம் சங்கீதத்தை வாசிக்கும்போது, அந்தக் கண்கள் என்னையும் கண்டன என்பதை நான் அறிவேன்.

ஆற்காடு, ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்:

முப்பது ஆண்டுகள் வீடு வீடாக நடந்தவள் என்பதால் சிலவற்றைச் சேர்க்கிறேன். இப்போது பெரும்பாலும் மருத்துவமனைக்கே போவதில்லை. மெடிக்கலில் மாத்திரையை வாங்கிக்கொள்கிறார்கள். இரண்டு வகை மருந்து சேர்ந்த அந்தப் பெட்டியை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஒன்பது வாரத்துக்குள்தான் பயன்படுத்த வேண்டும். ஸ்கேன் பார்க்காமல் அதை விழுங்கிய ஒரு பெண்ணுக்குக் கரு கர்ப்பப்பையில் இல்லை, கருக்குழாயில் இருந்தது. அந்த மருந்து அங்கே வேலை செய்யாது. உதிரம் போனதால் கலைந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டாள். பத்தாம் நாள் குழாய் வெடித்து, முகம் வெளுத்துக் கிடந்தவளை 108இல் ஏற்றி வேலூருக்குக் கொண்டுபோனோம். குழாயை அகற்றியதால் பிழைத்தாள். அந்த அறுவையைக் கருக்கலைப்பு என்று சொல்லி அவளை ஒரு ஜெபக் கூட்டத்தில் அழவைத்தவர்களை நான் அறிவேன். குழாயில் தங்கிய கரு பிழைக்க வழியில்லை. விட்டால் தாயும் போய்விடுவாள். உயிரை மதிக்கிறவர்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

2021இல் சட்டம் திருத்தப்பட்டு, 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தே போதும், குறிப்பிட்ட சில நிலைகளில் இருவர் கருத்துடன் 24 வாரம் வரை செய்யலாம் என்று ஆகியிருக்கிறது. சட்டம் அனுமதிப்பதாலேயே அது நமக்குச் சரியாகிவிடாது என்பதே என் விசுவாசம். பார்வோனின் கட்டளையையும் மீறிப் பிள்ளைகளைக் காப்பாற்றிய சிப்பிராள், பூவாள் என்ற மருத்துவச்சிகளின் பெயர்களை வேதம் எழுதி வைத்திருக்கிறது. என் தொழிலுக்கு அவர்களே முன்னோர் என்று சொல்லிக்கொள்வேன்.

அந்தக் கல்லூரிப் பெண்ணைப் பற்றி ஒன்று. பெற்ற குழந்தையை வளர்க்க முடியாதவர்கள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் சட்டப்படி ஒப்படைக்கலாம். மனம் மாறினால் 60 நாட்களுக்குள் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். இது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? இதே போன்ற நிலையில் ஒரு பெண்ணை நான் ஆறு மாதம் என் வீட்டில் வைத்திருந்தேன். தெரு பேசத்தான் செய்தது. பிறகு பேச வேறு விஷயம் கிடைத்ததும் விட்டுவிட்டது. குழந்தையை ஒப்படைத்த 41ஆம் நாள் அவள் என்னை எழுப்பி, "வாங்கம்மா, போய் வாங்கிட்டு வந்துடலாம்" என்றாள்.

இராணிப்பேட்டை சகோதரி:

செவிலியர் அம்மாவுக்கு நன்றி. என் மகள் திருமணமாகிப் போய்விட்டாள். அவள் அறை காலியாக இருக்கிறது. கட்டிலை இந்த வாரம் வெளியே எடுத்துக் கழுவி, புதுப் பாய் போட்டிருக்கிறேன். எங்கள் ஆயரம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

இன்னொன்றையும் திருத்த வேண்டியிருக்கிறது. எழுதியதை நேற்றிரவு என் கணவரிடம் காட்டினேன். இத்தனை ஆண்டுகளில் அவர் இதைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தார். பிறகு, "சனிக்கிழமை இல்லை, வெள்ளிக்கிழமை. அன்று பாக்கி வாங்க நான் டேனரிக்குப் போகவில்லை" என்றார். அப்படியானால் அதற்கும் திருவிருந்துக்கும் இடையில் ஒரு முழு நாள் இருந்திருக்கிறது. அந்தச் சனிக்கிழமை எனக்கு நினைவில் இல்லை. அன்று நான் என்ன செய்தேன் என்று அவரிடம் கேட்டேன். "ஜப்லா தைத்துக்கொண்டிருந்தாய்" என்றார்.