ஐம்பது நிமிடத்தில் இரண்டு நாடகம் ஆடலாமா, ஒன்றோடு நிறுத்தலாமா?

கச்சான்_தங்கச்சிமடம்

அனைவருக்கும் வணக்கம். தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் பக்கத்துப் பிள்ளைகள் ஏழு பேர் சேர்ந்து நாடகம் போடுகிறோம். இரண்டு பேர் கல்லூரியில் படிக்கிறார்கள். ஒருவர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். ஒருவர் விசைப்படகுக்குப் போகிறவர். அவர் கரையில் இருக்கும் நாள்தான் எங்களுக்கு ஒத்திகை நாள். நான் தையல் கடை வைத்திருக்கிறேன். அதனால் உடுப்பு என் பொறுப்பு. எழுதுவதும் எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது.

எங்கள் ஊர்களில் நாடகம் என்றால் கோயில் திருவிழாவுக்கு வள்ளி திருமணம், இல்லையென்றால் தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா. இரண்டிலும் சேராத ஒன்றை எதற்காகப் போடுகிறீர்கள் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டோம்.

இப்போது வெளியூரில் நடக்கும் ஒரு ஃப்ரிஞ்ச் நாடக விழாவில் எங்களுக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஒரு குழுவுக்கு ஐம்பது நிமிடம். மேடையில் பொருள்களை வைக்கப் பத்து நிமிடம், எடுக்கப் பத்து நிமிடம். நாங்கள் எடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த குழு வாசலில் நிற்குமாம்.

கையில் புதிதாக இரண்டு நாடகங்கள் இருக்கின்றன. முதலாவது கடலில் மூழ்கிக் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றியது. நான்கு பெண்கள், ஒரு வியாபாரி, ஒரு தராசு. ஈரத்துக்கும் மணலுக்கும் என்று வியாபாரி எடையில் கழிக்க, ஒருத்தி விடாமல் வாதாடுகிறாள். இரண்டாவது தனுஷ்கோடி வேன் ஓட்டுநர் ஒருவரின் கதை. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு மணலில் வண்டி ஓட்டத் தெரிந்தவரை யார் தேடப்போகிறார்கள்? வேனை விற்றுவிட்டு, 1964 புயல் கதையைச் சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்லிப் பிழைக்கிறார். சொல்லச் சொல்ல அலையின் உயரம் கூடிக்கொண்டே போகிறது. சிரிப்பு நாடகம்தான், ஆனால் கடைசியில் கொஞ்சம் உறுத்தும்.

இரண்டுமே தனித்தனியாக ஐம்பது நிமிடத்தைத் தாண்டுகின்றன. வெட்டி, பாதி பாதியாகச் சேர்த்து ஆடலாமா? அல்லது ஒன்றை மட்டும் கொண்டுபோவதா? கேட்ட வெளியூர் நண்பர்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு தனுஷ்கோடி என்கிறார்கள். அவர்களுக்கு எங்கள் கரையில் தெரிந்ததே கோயிலும் புயலும்தான். அதனாலேயே எனக்கு அதைக் கொண்டுபோகப் பிடிக்கவில்லை. இது வீம்பா, நியாயமா என்றும் தெரியவில்லை.

இன்னொன்று: வசனம் முழுவதும் எங்கள் கரைப் பேச்சு. வெளியூர்ப் பார்வையாளர்களுக்கு விளங்குமா?

விளக்குக்காரன்

எனக்குச் சொந்த ஊர் தொண்டி. சென்னையில் நாடகங்களுக்கு விளக்கு வைக்கிறேன். இது போன்ற விழாக்களில் வேலை பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

இரண்டு நாடகத்தைச் சேர்க்காதீர்கள். இடையில் உடுப்பு மாற்ற வேண்டும், பொருள் மாற்ற வேண்டும், பார்ப்பவர்களின் மனமும் மாற வேண்டும். அதிலேயே ஐந்தாறு நிமிடம் போய்விடும். ஐம்பது என்றால் நீங்கள் நாற்பத்தைந்துக்கு ஒத்திகை பாருங்கள். கைதட்டல், தாமதமாக வந்து உட்காருகிறவர்கள், மறந்துபோன வசனம் எல்லாம் மிச்சத்தைத் தின்றுவிடும். நேரம் தாண்டினால் விளக்கை அணைத்துவிடுவார்கள். அதில் அவர்களுக்கு இரக்கம் கிடையாது, இருக்கவும் கூடாது.

1947இல் எடின்பரோவில் பெரிய கலைவிழா நடந்தபோது, அழைக்கப்படாத எட்டு நாடகக் குழுக்கள் தாங்களாகவே போய்க் கிடைத்த இடத்தில் ஆடின. ஃப்ரிஞ்ச் என்ற வழக்கமே அங்கிருந்து தொடங்கியதுதான். அதன் குணம் இன்னும் போகவில்லை. உங்களுக்காக யாரும் கூட்டம் சேர்த்துத் தர மாட்டார்கள். நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களே வரிசையில் நிற்பவர்களிடம் பேச வேண்டும்.

விளக்கு எல்லாக் குழுவுக்கும் பொதுவாகத் தொங்கும். உங்களுக்காகத் திருப்பித் தர மாட்டார்கள். எந்த வசனத்தில் எந்த வெளிச்சம் என்று ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். பத்து மாற்றத்துக்கு மேல் வேண்டாம். கடல் என்றதும் நீல விளக்கு கேட்காதீர்கள், தயவுசெய்து.

எந்த நாடகம் என்று கேட்டால், நான் வேன் ஓட்டுநர் பக்கம். இரண்டு நாற்காலியும் ஒரு ஸ்டியரிங்கும் போதும். சிரித்தவர்கள் வெளியே போய் நாலு பேரிடம் சொல்வார்கள். வெளியூர்க்காரர்கள் விரும்புகிறார்கள் என்பதற்காகவே ஒன்றைத் தள்ளிவைப்பது வீம்புதான்.

கரைப் பேச்சைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முதல் ஐந்து நிமிடத்தில் வேகத்தைக் குறையுங்கள், காது பழகிவிடும். நோட்டீஸின் பின்பக்கத்தில் கதையை நாலு வரியில் அச்சடியுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் ஆடிப் பார்க்கும்போது பிரதியைக் காவல் நிலையத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். அதற்கு வழி செய்த 1954ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டத்தின் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது. ஒலிபெருக்கிக்கு அனுமதி வாங்குவது வேறு. அதை வாங்கத்தான் வேண்டும்.

பழைய_பபூன்

தங்கச்சி, சாயல்குடிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஸ்பெஷல் நாடகத்தில் பபூன், அதாவது கோமாளி வேஷம் கட்டியவன். இப்போது முழங்கால் ஒத்துழைக்காததால் ஆர்மோனியம் மட்டும்.

வெட்டுவதைப் பற்றி விளக்குக்காரத் தம்பி சொல்லவில்லை, நான் சொல்கிறேன். நாங்கள் ஒரு ஊரிலிருந்து ராஜபார்ட், இன்னொரு ஊரிலிருந்து ஸ்திரீபார்ட், வேறெங்கோ இருந்து பபூன் என்று வந்து, அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் முகம் பார்ப்போம். ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை ஆட வேண்டும். ஆனால் எல்லா ராத்திரியும் ஒரே அளவாக இருக்குமா? மழை இருட்டும், கமிட்டிக்காரர்கள் தாமதமாக மேடையைக் கொடுப்பார்கள். அப்போது வள்ளி திருமணத்தில் எதைக் குறைப்போம் தெரியுமா? காமிக்கைக் குறைப்போம், டான்ஸைக் குறைப்போம், பாட்டில் இரண்டு சரணத்தை விழுங்குவோம். வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கிற தர்க்கத்தில் மட்டும் கை வைக்க மாட்டோம். வள்ளி திருமணத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்தார். அவருடைய வள்ளி இன்னும் ஆடப்படுகிறாள் என்றால் அந்தத் தர்க்கத்துக்காகத்தான். ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து உட்காருவது அதற்குத்தான்.

உன் பாசி நாடகத்தில் தராசுக்கு முன்னால் அந்தப் பெண் வாதாடுகிறாளே, அதுதான் தர்க்கம். அதை முழுசாக, மூச்சு விடாமல் வைத்துக்கொள். அதற்கு முன்னால் வருவதையெல்லாம், தர்க்கத்துக்கு எது தேவை என்று கேட்டு வெட்டு. யார் யாருக்கு அக்காள் தங்கை என்பதெல்லாம் சொல்லித்தான் ஆக வேண்டுமென்று இல்லை, நடையிலேயே தெரியும். வேன்காரர் கதையில் ஆள் சுவையானவர், ஆனால் எதிராளி இல்லை. அலை உயரத்தை ஏற்றிக்கொண்டே போனால் மூன்றாவது தடவையில் ஜனம் அலுத்துவிடும்.

ஆனாலும் அவரை ஊரில் விட்டுவிட்டுப் போகாதே. எங்கள் மேடையில் கூட்டத்தைச் சேர்க்க முதலில் வருகிறவன் பபூன். வேன்காரரை அரங்குக்கு வெளியே, வரிசையில் நிற்பவர்களிடம் விடு. அவர் புயல் கதை அளந்துகொண்டே உன் நோட்டீஸைக் கொடுக்கட்டும். உன் ஐம்பது நிமிடத்தில் ஒரு நொடிகூடச் செலவாகாது.

விளக்குக்காரன்

ஐயா, இது எனக்குத் தோன்றவே இல்லை. என் ஓட்டைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் வெளியே ஆடுவதற்கு விழாக்காரர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பக்கத்து அரங்கில் நாடகம் ஓடிக்கொண்டிருந்தால் சத்தம் போடவிட மாட்டார்கள்.

பாசிக்காரி_மகள்

நான் பாம்பன் பக்கம். அம்மாவும் பெரியம்மாவும் பாசிக்குப் போகிறவர்கள். மேலே எல்லாரும் வெட்டுவதைப் பற்றிப் பேசுகிறீர்கள். அந்தப் பெண்களில் யாராவது இந்த நாடகத்தைப் பார்த்தார்களா?

எங்களைப் பற்றிப் படம் எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே காட்சியைத்தான் எடுப்பார்கள். அம்மா விரலில் துணி சுற்றுவாள், முகக்கண்ணாடியை மாட்டுவாள், சோகமாகக் கடலைப் பார்ப்பாள். பார்க்கச் சொல்வார்கள், அவளும் பார்ப்பாள். 1986இல் தேசியப் பூங்கா என்று அறிவித்த 21 தீவுகளைச் சுற்றித்தான் இவர்கள் காலங்காலமாகப் பாசி எடுத்த இடங்கள். அதனால் வருகிற தொல்லை உண்மைதான். அதற்காக மேடையில் நான்கு பேரை அழவிட்டுவிடாதீர்கள். தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியதும் என் அம்மா முதலில் கேட்பது பக்கத்தில் இருப்பவள் சீட்டுப் பணம் கட்டினாளா என்றுதான்.

இன்னொன்று. நீந்துவதுபோல் கையை வீசாதீர்கள். மூச்சை அடக்கி, குனிந்து, ஒரு கையால் பாறையைப் பிடித்து மறு கையால் பறிப்பதுதான் வேலை. பறித்ததை இடுப்புப் பைக்குள் போடும்போது கண் அடுத்த பாறையில் இருக்கும். உங்களில் ஒருவர் படகுக்குப் போகிறவர் என்கிறீர்கள்; அவருக்கும் இது தெரிந்திருக்காது, விசைப்படகு வேறு உலகம்.

காட்டிப் பாருங்கள். ஆனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வராதீர்கள். அப்போதுதான் அவர்கள் கடலுக்குப் போவார்கள், சாயங்காலம் திரும்பி வந்தால் உட்காரக்கூடத் தெம்பு இருக்காது. இரண்டுக்கும் நடுவில் வாருங்கள். மைக் வேண்டாம், தெரு போதும்.

கச்சான்_தங்கச்சிமடம்

பபூன் ஐயா, விளக்குக்கார அண்ணன், அக்கா, மூவருக்கும் நன்றி.

அக்கா, எழுதுவதற்கு முன் பெண்களிடம் பேசினேன், ஆனால் எழுதி முடித்ததை இன்னும் யாருக்கும் காட்டவில்லை. வருகிற தேய்பிறை எட்டாம் நாள் வாக்கில் உங்கள் தெருவுக்கு வருகிறோம். சீட்டுப் பண விசாரணையை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்.

நேற்று ராத்திரி குழுவில் உட்கார்ந்து ஐயா சொன்னபடி வெட்டிப் பார்த்தோம். கல்யாணக் காட்சி போய்விட்டது. அதில் நடித்த பையனுக்கு முகமே சரியில்லை. அவனுக்குத்தான் வெளியே வேன்காரர் வேஷம் என்று சொன்ன பிறகு கொஞ்சம் தெளிந்தான். தராசுக் காட்சியில் ஒரு வரியும் குறைக்கவில்லை. வியாபாரி வேஷம் ஐஸ் கம்பெனி அண்ணனுக்கு. எடை போடுவதைத் தினமும் பார்க்கிறவர், தட்டில் கை வைக்கும் விதமே வேறாக இருக்கிறது.

பயணத்துக்கு ராமேஸ்வரத்திலிருந்து ரயில். ஸ்லீப்பரில் ஆளுக்கு நாற்பது கிலோ வரை கட்டணமில்லாமல் கொண்டுபோகலாம் என்பதால் தராசும் வலைப் பைகளும் போய்விடும். மூங்கில் கம்புகளை அங்கேயே வாங்கிக்கொள்கிறோம்.

பாக்கி ஒன்றுதான். பாட்டு இருக்கிறது, வாத்தியம் இல்லை. கைபேசியில் பதிந்து ஒலிக்கவிடலாமா என்று யோசிக்கிறோம்.

பழைய_பபூன்

பதிந்தெல்லாம் போடாதே. அந்தப் பெண் வாதாடும்போது ஒரு நொடி தயங்கினால் பதிவு தயங்குமா? என்னிடம் இருக்கிற சின்ன ஆர்மோனியத்தைத் தருகிறேன். ஒரு கட்டை கொஞ்சம் ஒட்டும், மற்றதெல்லாம் சுத்தம். வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்றை அனுப்பு, இரண்டு நாள் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்கிறேன். திரும்பும்போது மட்டும் அதை பஸ் கூரைமேல் போடக்கூடாது, மடியில் வைத்துக் கொண்டுபோகச் சொல்.