ஆர்எக்ஸ் 100-க்கு இவ்வளவு விலை கொடுக்கலாமா?

சோழவரம் ரசிகன்:
எங்கள் தெருவில் ஒரு பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்குக்குப் புது ஸ்ப்ளெண்டரைவிட அதிகம் கேட்கிறார்கள். கேட்கட்டும், தகும். 1985-இல் வந்த 98 சிசி வண்டி, 11 குதிரைத்திறன், எடை நூறு கிலோவை ஒட்டி. அதே வருஷம் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100-க்கும் கிட்டத்தட்ட அதே சிசிதான், பவர் எட்டைத் தொடாது. இது டூ ஸ்ட்ரோக், கிராங்க் என்ற சுழல் தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு; அது நாலு ஸ்ட்ரோக், இரண்டு சுற்றுக்கு ஒன்று. ஆர்எக்ஸுக்கு வால்வு, கேம் என்று தலைமேல் எதுவும் கிடையாது, வீட்டு வாசலிலேயே எஞ்சின் ஹெட்டைக் கழற்றலாம். காசில்லாத பையன்களும் சென்னைப் பக்கத்து ரேஸ் டிராக்குகளான சோழவரத்திலும் அப்புறம் இருங்காட்டுக்கோட்டையிலும் ரேஸ் ஓட்டிப் பார்த்தது இப்படித்தான்.

மைலேஜ் மாமா:
ரேஸ் சரி தம்பி, பால் வாங்கப் போகிறவனுக்கு 8000 ஆர்பிஎம் எதற்கு? புதுப் பெட்ரோல்-காற்றுக் கலவை உள்ளே வரும்போது, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட்டும் திறந்தே இருக்கிறது. எரியாத பெட்ரோல் கொஞ்சம் அப்படியே வெளியே போகிறது, அதுவும் நீங்கள் காசு கொடுத்து வாங்கியதுதான். பெட்ரோலோடு சேர்ந்து எரியும் 2டி ஆயில் செலவு தனி.

கிரீஸ் கை:
மாமா, அந்தக் கலவையைத் திருப்பித் தள்ளத்தான் சைலன்சருக்குள் அகன்று குறுகும் அந்த வயிறு. எக்ஸாஸ்ட் அழுத்த அலை அதில் மோதித் திரும்பி வரும் நேரம் குறிப்பிட்ட ஆர்பிஎம்மில்தான் பொருந்தும், மற்ற வேகத்தில் நீங்கள் சொல்வது சரி. கடைக்கு வரும் பையன்கள் சைலன்சருக்குள் சத்தத்தை அடக்கும் பேஃபிளைக் கழற்றிவிட்டு, சத்தம் கூடியதும் பவர் கூடிவிட்டது என்கிறார்கள்! கழற்றின பேஃபிளைப் பார்த்தால் தார் பூசினது மாதிரி கரி, அதைச் சுரண்டினாலே பாதி வண்டி சரியாகிவிடும்.

மைலேஜ் மாமா:
ஏற்காட்டிலிருந்து இறங்கிப் பாருங்கள், இருபது கொண்டை ஊசி வளைவு. ஆக்சிலேட்டரை விட்டதும் வண்டியை இழுத்துப் பிடிக்கும் எஞ்சின் பிரேக் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது, ஆக்சிலேட்டரை மூடினால் ஆயில் பம்ப்பும் சேர்ந்து குறையும், சுற்றுகிற எஞ்சினுக்கு ஆயில் போதாது.

சோழவரம் ரசிகன்:
ஆயில் போக நடுநடுவே ஆக்சிலேட்டரை லேசாக முறுக்கிவிட வேண்டும், ஓட்டத் தெரிந்தவனுக்கு அது தானாக வரும். பைக் ரேஸ் உலக சாம்பியன்ஷிப்பில் 125 சிசி டூ ஸ்ட்ரோக்கை 2011-உடன் நிறுத்திவிட்டு, அதன் இடத்தில் கொண்டுவந்த நாலு ஸ்ட்ரோக்குக்கு 250 சிசி கொடுத்தார்கள். ஏன் இரண்டு மடங்கு, சொல்லுங்கள் பார்ப்போம்?

மைலேஜ் மாமா:
பவரை நான் எப்போது மறுத்தேன்? தினமும் ஆபீஸ் போக, பின்னால் வருகிறவன் முகத்தில் புகை விட்டுக்கொண்டு, லட்ச ரூபாய்க்கு வேண்டாம் என்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள்.

கிரீஸ் கை:
வாங்குவதென்றால் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள், உள்ளே அழுந்தும் காற்று, அதாவது கம்ப்ரஷன், தடுக்க வேண்டும். பெயிண்ட் பளபளப்பைப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, அப்புறம் தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் ரீபோருக்கு என்னிடம் வராதீர்கள்.