தானாக விழும் ^ குறியை அப்படியே விடலாமா?

கோத்தகிரியிலிருந்து:
சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சைத் தேயிலையை எடைபோட்டுப் பதியும் செயலியை நோட் ஜேஎஸ்ஸில் எழுதி வருகிறேன். மழைக்காலத்தில் இங்கே இணையத்தை நம்ப முடியாது. தொகுப்புகளை (பிறர் எழுதிய நிரல்களை) நிறுவும் என்பிஎம், எதை நிறுவினாலும் பதிப்பெண்ணுக்கு முன் ^ போட்டே எழுதுகிறது. ~ ஆக மாற்றலாமா, எண்ணை மட்டும் எழுதலாமா?

குன்னூரிலிருந்து:
தம்பி, ^1.4.0 என்றால் 2.0.0-க்கு முன்புவரை எதுவும் வரும், ~1.4.0 என்றால் 1.5.0-க்கு முன்புவரை. முதல் எண் 0 என்றால் ^ கூட இறுக்கம்தான்: ^0.2.3 ஒருபோதும் 0.3.0-க்குப் போகாது. ஆனால் குறியை மட்டும் நம்பாதீர்கள். 2022 ஜனவரியில் கலர்ஸ் தொகுப்பை எழுதியவரே 1.4.1-இல் முடிவில்லாத லூப்பை வைத்தார். ~ போட்டவர்களையும் அது எட்டும். எண்ணை மட்டும் எழுதினாலும் நீங்கள் நேரடியாகச் சேர்த்த தொகுப்புகள்தான் நிற்கும், அவற்றுக்கு உள்ளே இருப்பவை அவற்றின் ^ படி நகரும். இந்த முழுத் தொகுப்பு மரத்தையும் பிடித்து வைப்பது, ஒவ்வொன்றின் சரியான பதிப்பையும் குறித்து வைக்கும் லாக் ஃபைல்தான் (பேக்கேஜ் லாக்). அதை கிட்டில் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) சேர்த்துவிடுங்கள், ஆலைக் கணினியில், லாக் ஃபைலில் உள்ளதை அப்படியே நிறுவும் 'என்பிஎம் சிஐ' மட்டும் ஓட்டுங்கள். ^ இருக்கட்டும்.

ஊட்டியிலிருந்து:
அண்ணன் சொல்வது செயலிக்குச் சரி. நூலகமாக (பிறர் தங்கள் நிரலில் சேர்க்கும் தொகுப்பாக) வெளியிட்டால் உங்கள் பேக்கேஜ் லாக் கூடவே போகாது. அங்கே எண்ணை இறுக்கினால், பயன்படுத்துபவரிடம் ஒரே தொகுப்பு இரண்டு பிரதியாக நிற்கக்கூடும்.

கோத்தகிரியிலிருந்து:
நன்றி. தராசைப் படிக்கும் பகுதியைத் தனியாக வெளியிடும் எண்ணம் இருக்கிறது, அதற்கும் ^ தான். பாதுகாப்புத் திருத்தங்களை எப்போது எடுப்பது?

குன்னூரிலிருந்து:
நல்ல இணைப்பு உள்ள இடத்தில், சோதனைகளை ஓட்டிப் பார்த்து. கொழுந்து குவியும் நாளில் மட்டும் தொடாதீர்கள்.